மணல் படுத்துக்கொண்ட குழாய்

1943 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குளியல், பழைய சோறு, சைக்கிளுக்குக் காற்று. ஏழு மணிக்குத் திருவரங்குளம் சாலையோர ஊருணிக்கரையில் இருந்தேன். நாட்குறிப்பில் வழக்கமான நான்கு வரிகளுக்குப் பிறகு, ஓவர்சியர் கொண்டுவந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் அவரிடம் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மனாக இருந்தேன். மழைக்கு முன் ஊருணியைத் தூர்வார வேண்டும். சேற்றைக் கரைமேல் தொட்டியில் போட்டு, ஆட்கள் இறைத்துவிடும் தண்ணீரில் கரைத்து, இரும்புக் குழாய் வழியாகப் பள்ளத்துத் தரிசுக்கு அனுப்பினோம். குழாய் அடிக்கடி அடைத்தது. குழாய் சிறிது என்று முடிவுகட்டிய ஓவர்சியர், யுத்தகால இரும்புப் பஞ்சத்திலும் என்ஜினீயரிடம் ஒரு மாதம் வாதாடி அகலக் குழாய்களுக்கு உத்தரவு வாங்கியிருந்தார். "அதுவும் அடைச்சா ஒங்க வேலைய மறந்துருங்க" என்று என்ஜினீயர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

குழாய்கள் வருமுன் ஓட்டம் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். ஒல்லியான கண்ணாடிக் குழாய் ஒன்று, அகலமானது ஒன்று. நிறைந்தே ஓடும்படி இரண்டிலும் தண்ணீர் வெளிவரும் வாயைச் சற்று உயர்த்தி வைத்தோம். ஒரே கலங்கலை ஒரே செம்பால், என் கடிகாரத்தைப் பார்த்து ஒரே வேகத்தில் ஊற்றினோம். ஒல்லிக் குழாயில் மணல் உருண்டும் துள்ளியும் வெளியேறியது. அகலக் குழாயில் தண்ணீர் சோம்பி நகர்ந்தது; அடியில் மணல் கோடாக விழுந்து, திட்டாகி, மெல்ல உயர்ந்தது.

சேறு கரைக்கும் வெள்ளையம்மா சிரித்தாள்.

"என்னத்தா சிரிக்கிற?" என்று ஓவர்சியர் கேட்டார்.

"எடம் கெடச்சா யாருங்கய்யா படுக்காம இருப்பா? அங்கிட்டு நெருக்கடி, ஓடுது. இங்கிட்டு காலை நீட்டிப் படுத்துருச்சு."

ஓவர்சியர் சிரிக்கவில்லை. ஒல்லிக் குழாயிலும் ஊற்றுவதைக் குறைக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் அதிலும் மணல் படுத்தது.

"குழா அடைச்ச நேரமெல்லாம் குறிச்சிருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

படித்துக் காட்டினேன். எல்லாமே நடுப்பகல், இறைப்பவர்களில் பாதிப்பேர் கஞ்சி குடிக்கப் போகும் வேளை.

"தண்ணி கொறஞ்சு வேகம் செத்துருக்கு. நான் குழாயத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். எப்படியும் வரப்போகிற குழாய். பதித்துவிட்டுப் பழியை மணல்மேல் போட்டிருக்கலாம். அப்படிச் செய்வாரோ என்று எண்ணியதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேறெதையும் தொடாமல், என்ஜினீயருக்குக் கடிதம் எழுதினார்: 'பெரிய குழாய் வேண்டாம். இருப்பதே போதும், ஆட்களை முறைவைத்து இறைக்கச் செய்தால் அடைக்காது. பெரிதாகக் கேட்டது என் பிழை.' தாளை என்னிடம் நீட்டினார்.

"எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்க."

இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டார்.