போறணைச் சுவர் மகிழ்

"பிறக்டர் ஐயாவுக்கு எழுதக் கை இல்லியா, புள்ள?" என்றுதான் அஸீஸா முதலில் கேட்டாள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பாண் பேக்கரியின் பின்முற்றம்; பாண் சுடும் போறணை அடுப்பின் சூடு சுவரைத் தாண்டி வந்தது. பாலேஸ்வரி மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"கை இருக்கு, ராத்தா. மகிழங்கிளையை எப்படி வேர்விட வைக்கிறதெண்டுதான் தெரியாதாம். மலர்ச் சங்கத்தின்ரை பத்திரிகைக்கு எழுதவேணுமாம்."

"தெரியாதவர் என்னத்துக்கு எழுதுறார்?"

பாலேஸ்வரி கொப்பியில் புதிய பக்கத்தைப் புரட்டினாள்.

"சரி, எழுது. கிளையில ரெண்டு விரல் அகலத்துக்குத் தோலை வளையமா எடு. அதுக்குக் கீழ பச்சையா ஒரு சவ்வு ஈக்கு. அதையும் சுரண்டோணும். ஒரு நூல் மிஞ்சினாலும் தோல் திரும்பக் கூடிப் போகும். வேர் வராது."

"பிறகு தேங்காய்த் தும்பு கட்டுறதோ?"

"அங்கதான் எல்லாரும் கெட்டுப் போற. மகிழுக்குப் பால் ஈக்கு. வெட்டின உடனே கட்டினா உள்ளுக்கு அழுகும். பத்து நாள் தொறந்து வை. ஒவ்வொரு நாளும் சுடுதண்ணிச் சீலையால தொடை. பால் நிண்ட பொறகுதான் ஈரத் தும்பு, அதுக்கு மேல கமுகம்பாளை. ஏழு மாசம். வேர் வெளிய எட்டிப் பாத்தா, கிளையை வெட்டிச் சட்டியில வெச்சு, போறணைச் சுவரோட ஒட்டி வை."

"போறணை ஏன் ராத்தா?"

"கால் குளிர்ந்தா ஒனக்கு நித்திரை வருமா? அதுக்கும் வராது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அஸீஸா கேட்டாள்: "என்ட பேர் வருமா?"

"ஓம், வரும்."

யாரையும் கேட்காமல் சொன்ன ஓம் அது. பல வருடம் கழித்தும் அதை நினைத்தால் பாலேஸ்வரிக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

அஸீஸா அந்தப் பேக்கரியின் சொந்தக்காரர் மஜீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கலியாணமான புதிதில் மஜீட் புறக்கோட்டையில் ஒரு ஜப்பான் கடையிலிருந்து தட்டையான சட்டியில் நின்ற ஒரு சாண் ஊசியிலை மரத்தை வாங்கி வந்து அவளிடம் கொடுத்தார். கொழும்பு வெக்கையில் நாலு மாதத்தில் அது கருகியது. மஜீட்டும் அடுத்த வருடம் காய்ச்சலில் போனார். சட்டி மட்டும் மிஞ்சியது. நம்முடைய மரம் ஒன்று இதில் நிற்காதா என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. முற்றத்தில் நின்ற மகிழில் கை வைத்தாள். விதை போட்டால் பூக்கப் பல வருடம் செல்லும். பூத்த கிளையே வேர்விட்டால் முழங்கை உயரத்தில் மணக்கும் மரம் கிடைக்கும். முப்பத்தொரு கிளை செத்தது. பேக்கரியைப் பார்த்துக்கொண்ட அவள் தம்பி இப்றாஹிம், "போறணைக்கு விறகு குறையாது, ராத்தா" என்று நக்கலடித்தான். முப்பத்திரண்டாவது வேர்விட்டது. அதற்குள் ஆறு வருடம் போயிருந்தது.

அப்படி நின்ற மரங்களில் ஒன்றைத்தான் வெள்ளவத்தையில் பிறக்டராக வழக்குப் பார்த்த சண்முகலிங்கம் வாங்கினார். பாலேஸ்வரி அவருடைய கந்தோரில் தட்டெழுத்து அடித்தாள். தமிழும் இங்கிலீஸும் படித்த பெண், அதிகம் கதைக்காதவள் என்பதால் அவருக்கு அவளைப் பிடித்திருந்தது.

அஸீஸா சொன்னதை அவள் நல்ல இங்கிலீஸில் எழுதி, மேலே அஸீஸாவின் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். சண்முகலிங்கம் சிவப்பு மையால் அந்த ஒரு வரியை வெட்டினார்.

"பிள்ளை, பர்தாவுக்குள்ளை இருக்கிற மனிசி. அவவின்ரை பேரை நாலு பேர் வாசிக்கிற பத்திரிகையிலை போட்டால் அவவுக்குத்தானே மானக்கேடு? நான் அவவின்ரை மரியாதையைக் காப்பாற்றுறன்."

"அவ போடச் சொல்லித்தான் கேட்டவ, ஐயா."

"அவவுக்கு உலகம் தெரியாது. 'நான்' எண்டு மாற்றி அடியும்."

அவள் அடித்தாள். நான் தோலை எடுக்கிறேன். நான் பத்து நாள் காத்திருக்கிறேன். தன் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தைச் செடிக்குக்கூட ஒரு நாள் தண்ணீர் ஊற்றாத மனிதரின் 'நான்'. ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை இங்கிலீஸ் எழுத்தை அமர்த்தும்போது விரல் கூசியது. கூசிய விரலாலேயே அடித்து முடித்தாள்.

சங்கத்தின் மலர்க் காட்சியில், பிறக்டர் வாங்கிய அந்த மகிழ் நடு மேசையில் பூத்து நின்றது. 'வளர்த்தவர்: சண்முகலிங்கம்' என்ற அட்டையையும் அவளே அடித்திருந்தாள். பத்திரிகையில் கட்டுரையை வாசித்துவிட்டு நடுவராக வந்த வெள்ளைக்காரச் சீமாட்டி குனிந்து பார்த்துவிட்டு, வெட்டியதும் ஏன் பத்து நாள் திறந்து வைக்கிறீர்கள் என்று கேட்டார். பிறக்டர் கழுத்துப் பட்டியைத் தடவினார். இருமினார். பிறகு பாலேஸ்வரியைப் பார்த்தார்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க மூடிக்கொண்டிருந்த வாய்தானே. "பால் நிற்கவேண்டும், அம்மணி. இல்லாவிட்டால் காயம் அழுகிவிடும்" என்று இங்கிலீஸில் அவள் குரல் தெளிவாக வந்தது. சீமாட்டி தலையசைத்து அட்டையில் முதற் பரிசுச் சிவப்பு நாடாவைக் குத்தினார்.

நிமிர்ந்தபோது மேசைக்கு மறுபக்கம் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். சீலை கட்டி மறைத்த றிக்சோவில் இப்றாஹிமோடு வந்த அஸீஸா.

"அட்டையில என்ன போட்டீக்கு? வாசி."

பாலேஸ்வரி வாசித்தாள்.

"அந்த வெள்ளைக்காரி என்னமோ கேட்டா. அவருக்குத் தெரியல்ல. நீ சொல்லிக் குடுத்தாய். அப்படித்தானே?"

"ஓம், ராத்தா."

"ஒனக்கு எல்லாத்துக்கும் ஓம்தான்" என்றாள் அஸீஸா. சத்தம் உயரவில்லை. மகிழின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து, கண்டியில் ஒரு துரைக்கு ஆறு மகிழ் வேண்டுமென்று பிறக்டர் பாலேஸ்வரியை அனுப்பினார். கோட்டை வரை ரெயிலிலும் பிறகு றிக்சோவிலும் போனாள். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. சிவப்பு மை, 'நான்', மானக்கேடு என்ற பேச்சு எல்லாவற்றையும் முற்றத்தில் நின்றபடியே சொன்னாள்.

அஸீஸா கேட்டுக்கொண்டே ஒரு சட்டியைத் தட்டிக் கவிழ்த்தாள். மண்ணோடு வந்த மகிழின் அடியில் தட்டையான ஓட்டுத் துண்டு ஒன்று இருந்தது. வேர் நேரே கீழே ஓடாமல் பக்கவாட்டில் பரவவேண்டுமென்று எல்லா மரத்துக்கும் அவள் அப்படித்தான் வைப்பாள். இரண்டு வருடத்தில் வேர்கள் அதைக் கைவிரல்போல இறுக்கிப் பிடித்திருந்தன. பாலேஸ்வரி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அத எடுக்கோணுமெண்டா வேரைப் பிய்க்கோணும். வேரைப் பிய்ச்சா மரம் சாகும்" என்றாள் அஸீஸா. "என்ட மானத்தைக் காப்பாத்துறாராம். நான் கேட்டனா? மரத்தை வாங்கினார், சரி. முப்பத்தொரு கிளை செத்ததையும் வாங்கினாரா?"

"அப்ப மரம் குடுக்கமாட்டீங்களோ?"

"குடுப்பன். ஆறையும் குடுப்பன். ரெண்டு வருசம் பொறுத்துக்கச் சொல்லு. இப்பதான் சட்டிக்கு மாத்தப் போறன்."

போறணைச் சுவரோரம் வேர்விட்ட ஆறு கிளைகள் தும்போடு நின்றன. பக்கத்தில் ஆறு ஓட்டுத் துண்டுகள் கழுவிக் காயக் கிடந்தன. அஸீஸா பாலேஸ்வரியை உட்காரச் சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாக அவள் மடியில் அடுக்கினாள். மேலே ஒரு நீட்டு ஆணியை வைத்தாள்.

"என்ட பேரைக் கீறித் தா, புள்ள. தமிழ்லயும் இங்கிலீஸ்லயும். அதுக்குக் கீழ, எழுதினவ ஆரெண்டு ஒன்ட பேரையும் கீறு. வேர் மூடினாலும் தெரியோணும். ஆழமாக் கீறு."