தலைமேல் தணல்

இரண்டு சவுக்குக் கட்டைகளை எடுத்துக் காதோரம் கொண்டுபோய் ஒன்றோடொன்று தட்டுகிறார் சவுரிராயன். கண்ணை மூடிக்கொள்கிறார். இன்னொரு தட்டு. 'டங்' என்று கேட்டால் அடுப்புக்குப் போகும். 'தொப்' என்று கேட்டால் தூரப் போகும். "இதுக்குத் தொண்ட கட்டிக்கினு இருக்குது, வெயில்ல போடு" என்பார், கட்டைக்குச் சளி பிடித்த மாதிரி.

விழுப்புரத்திலிருந்து வளவனூர் போகிற வழியில் இருக்கிற மாதா கோயில் தெருவுக்குப் பிரியாணி மாஸ்டர் அவர்தான். குட்டை ஆள். தொந்தி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். புருவம் பாதிதான் இருக்கிறது, மீதியை அடுப்பு தின்றுவிட்டது. தோளில் ஒரு துண்டு. எப்போதோ வெள்ளையாக இருந்திருக்கும். முகம் துடைப்பதும் அதில்தான், சுடுகிற பிரியாணித் தேக்சாவைப் பிடித்து இறக்குவதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதையே மடித்துப் போட்டு முட்டி போடுவார். பக்கத்தில் நிற்கிறவருக்குப் பிரசங்கம் முடிவதற்குள் பசி எடுத்துவிடும்.

படித்தது நாலாவது. வேதாகமத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதிலும் சங்கீதம் மட்டும். சங்கீதத்திலும் நெருப்பு வருகிற இடம் மட்டும். அந்தப் பக்கங்களைத் தேட வேண்டியதில்லை, மஞ்சள் கறை காட்டிக்கொடுக்கும். ஆண்டவரின் கோபம் நெருப்பாக இறங்குகிற பாட்டென்றால் சவுரிராயனுக்குப் பக்தி கொஞ்சம் வரும், தொழில் விசாரணை நிறைய வரும். எதிரிகள் முள் நெருப்பைப் போல அணைந்தார்கள் என்று ஓரிடத்தில் இருக்கிறது. "முள்ளு நெருப்புல டீ கூட காயாது. பட்டுனு புடிச்சிக்கும், பட்டுனு உட்டுடும். அந்தப் பசங்க யோக்கியதைக்கு அது போதும்னு ஆண்டவருக்கே தெரிஞ்சிருக்குது" என்பார். தீயவர்கள் மெழுகு போல உருகுவார்கள் என்று வந்தால் உதட்டைப் பிதுக்குவார். "மெழுகுக்கு ஆண்டவரு இன்னாத்துக்கு? சித்திர வெயிலு போதும்."

ஆண்டவர் சினந்தபோது அவர் மூக்கிலிருந்து புகை கிளம்பிற்று என்று இன்னொரு பாட்டு. அதை வாசிக்கும்போது மட்டும் நிறுத்துவார். பக்கத்து வீட்டு மதில் பக்கம் முகத்தைத் திருப்புவார். குரலை உயர்த்துவார்.

"பொகை வந்துச்சாம்! அவருக்கும் எவனோ ஈரக் கட்டைய வித்திருக்கான்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் பிரான்சிஸ். சவுரிராயனின் மனைவி ஜெயம்மாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. மரக்காணம் பக்கமிருந்து சவுக்கு இறக்கி விற்கிற விறகு மண்டிக்காரன். ஆள் ஒல்லி, தலை வழுக்கை. ஒரு மாதா திருவிழாவுக்கு அவன் மண்டிக் கட்டையில்தான் பிரியாணி. அன்றைக்கு முந்தின நாள் ஆவணி மழை. அடுப்பு எரியவில்லை, இருமியது. ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பிட்டது. 'பொகை பிரியாணி மாஸ்டரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சவுரிராயன், கட்டை ஈரம் என்றார். "ஈரக் கட்டைன்னு பார்க்கத் தெரியாதவன் மாஸ்டரா?" என்றான் பிரான்சிஸ், பந்தி நடுவில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் இந்தக் காதோரத் தட்டு தொடங்கியது. விறகும் விழுப்புரத்திலிருந்து வந்தது.

பேச்சு நின்றதே தவிர, ஜெபம் நிற்கவில்லை. விளக்கு வைத்ததும் இந்தப் பக்கம் சவுரிராயன் மதிலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து நெருப்புச் சங்கீதம் வாசிப்பார். அந்தப் பக்கம் பிரான்சிஸ், பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது என்கிற பாட்டை இன்னும் சத்தமாக வாசிப்பான். தெருவில் பக்தி பெருகிவிட்டதென்று புதிதாக வந்த சாமியார் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு செண்பகம் இட்லிக் கடைக்காரி. அவள் சத்தம் போடுவாள். "அண்ணே, மச்சினனை எரிச்சி முடிச்சாச்சா? சீரியலு கேக்கல எனக்கு!"

"இன்னும் ஒரு அதிகாரம் இருக்குதுமா, பொறு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார், எதிரி பசித்திருந்தால் சோறு போடு, அதனால் அவன் தலைமேல் எரிகிற தணலைக் குவிப்பாய் என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கம் வைத்தார். சவுரிராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தணல்! பிரியாணிக்குத் தம் போடுகிறபோது தேக்சா மூடிமேல் பரப்புகிற அதே தணல். பூசை முடிந்ததும் சாமியாரை வாசலில் மடக்கினார்.

"சாமி, சோறு போட்டா நெசமாவே தலை மேல கொட்டுமா?"

"அவன் வெட்கப்பட்டு மனசு மாறுவான்னு அர்த்தம் சவுரி. எரிக்கிறதுக்கு இல்லப்பா."

"அர்த்தம் உங்க வேல சாமி. சோறு என் வேல. எரியறது அவன் பாடு."

அன்றிலிருந்து எங்கே பிரியாணி இறக்கினாலும் முதல் தூக்கு பிரான்சிசுக்கு. மகள் மலர்விழி கொண்டுபோவாள். நல்ல கறியாகப் பார்த்து அள்ளி வைப்பார், எலும்பு போட மாட்டார். "சும்மா கறியப் போட்டா தணல் எப்படிப் புடிக்கும்? நெஞ்சுக்கறி போடணும்" என்பார். தூக்கு திரும்பி வரும்போது கழுவித்தான் வரும், ஆனால் வெறுமனே வராது. அடியில் இரண்டு கை வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், இருக்கும்.

"மாமா இன்னா சொன்னான்? எரியுதாமா?"

"உப்பு கம்மியாம்பா."

"திமிரு!" என்பார். மல்லாட்டையை உடைத்து உடைத்து ஒன்று விடாமல் தின்பார். வருசங்கள் போயின. பிரான்சிசுக்குத் தலையில் ஒன்றும் ஆகவில்லை. வயிறுதான் கொஞ்சம் போட்டது.

தை மாதம் மலர்விழிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. திண்டிவனத்து மாப்பிள்ளை. தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண் வாசலை விட்டு இறங்க வேண்டும், அவர்கள் வழக்கம் அது. ஜெயம்மாள் புது வேட்டி, துண்டு வாங்கித் தட்டில் வைத்துத் தம்பி வீட்டுக்குப் போனாள். போன தட்டு அப்படியே திரும்பி வந்தது.

"மாமா கையால துண்டைப் போட்டுக் கூப்பிடட்டும்க்கா. நான் வர்றேன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தான் பிரான்சிஸ்.

"எவனுக்கு? அவனுக்கா? என் கையாலயா?" என்றார் சவுரிராயன்.

மலர்விழி கத்தவில்லை, அழவில்லை. "மாமா மாலை போடாம நான் படி எறங்க மாட்டேன். நீயே போய் மாப்ள வீட்டாருக்குப் பிரியாணி போட்டு அனுப்பிடு" என்றாள். சவுரிராயன் மகள்தான்.

பெண்ணைப் பெற்றவர் அடுப்படியில் நிற்கக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். "என் பொண்ணு கல்யாணத்துக்கு இன்னொருத்தன் தம் போடுறதா?" என்றார், யார் பேச்சையும் கேட்கவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே செங்கல் அடுப்பு மூட்டினார். கல்யாணத்தன்று விடிகாலை, காலமில்லாத காலத்தில் ஒரு தூறல். விறகை மூடியிருந்த தார்ப்பாயை முந்தின நாள் அவரே உருவி, மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் பந்தலுக்குமேல் கட்டியிருந்தார். இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினார். தொப். இன்னொன்று. தொப். பற்றவைத்தார். அடுப்பு இருமியது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது, கறி பாதி வேக்காட்டில் நின்றது, கொல்லை முழுக்கப் புகை. திட்டுவதற்கு மதில் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். இந்தக் கட்டையைப் பிரான்சிஸ் விற்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

மதிலுக்குமேல் வழுக்கைத் தலை தெரிந்தது. மூக்கை உறிஞ்சியது.

"இது இன்னா, ஆண்டவரு மூக்கா?"

சவுரிராயன் குனிந்து அடுப்பை ஊதினார். கண்ணில் தண்ணீர், புகையால்தான்.

தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மதிலைத் தாண்டி ஒரு சவுக்குக் கட்டை வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. சவுரிராயன் இரண்டையும் எடுத்துக் காதோரம் தட்டினார். டங்.

"கேட்டுதா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல்.

"ம்... பரவால்ல."

"பரவால்லயா? கோயில் மணிய்யா அது!"

கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. கடைசியாகப் பிரான்சிசே மதிலேறிக் குதித்தான். அடுப்பு பிடித்துக்கொண்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சவுரிராயன் கறியைக் கிளறினார், பிரான்சிஸ் தீயைத் தள்ளினான். வாசலில் மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, பட்டுப் புடவையோடு மலர்விழி நின்று பார்த்தாள்.

தம் நேரம் வந்தது. மூடி போட்டு, ஓரத்துக்கு மாவு பூசியாயிற்று. பிரான்சிஸ் இரும்புத் தட்டால் தணலை வாரி வாரி மூடிமேல் கொட்டினான்.

"நடுவுல கும்பலா போடாத, பரப்பு."

"ஒம்போது வருசமா என் தலையில கும்பலாத்தானே போட்ட? பார்த்துக்கினே இரு மாமா, பரப்புறேன்."

காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. தணல் சீறியது. பொறி ஒன்று கிளம்பிப் பிரான்சிசின் வழுக்கை நடுவில் உட்கார்ந்தது.

அவனுக்குச் சுடுவதற்கு முன்னே சவுரிராயனின் வெறுங்கை அங்கே போய் அதைத் தட்டிவிட்டது. "பார்த்து நில்லுடா, பேஜாரு புடிச்சவனே!" என்றார். தோளிலிருந்த அழுக்குத் துண்டை உருவினார். அண்டாத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். பிரான்சிசின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றுக்கு அவிழாத மாதிரி இறுக்கிக் கட்டினார்.