தாராவியில் நான் சாத்திய கதவு

போன மாதம் தாராவியில் ஒரு வீட்டுக் கதவைச் சாத்தினேன். செய்தது அவ்வளவுதான். ஆனால் அன்று மாலைக்குள் அந்தச் சந்து முழுக்க ஒரு செய்தி பரவிவிட்டது. ஆபீஸிலிருந்து ஒரு பொம்பளை வந்திருக்கிறாள், மெர்சியின் பிள்ளையை எழுதி வாங்கிக்கொண்டு போகப் போகிறாள்!

அந்தப் பொம்பளை நான்தான்.

மெர்சி உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்கக்கா, பேர மட்டும் மாத்திருங்க. மெர்சின்னு வைங்க, ஸ்டைலா இருக்கும்" என்றாள். வயது இருபத்து நான்கு. கணவருக்குத் தோல் பை பட்டறையில் வேலை. மூன்று மாதக் கைக்குழந்தை. தடுப்பூசி போடப் போன இடத்தில் நிற்காமல் அழுதிருக்கிறாள். தூங்கியே பல நாள் ஆயிற்றாம். அங்கிருந்த நர்ஸ் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நான் மனநலத் துறையில் படித்த சமூகப் பணியாளர். கிளம்பினேன்.

பட்டியல் இல்லாமல் நான் கொத்தமல்லிகூட வாங்கமாட்டேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். வீடு தேடிப் போய்ப் பேசுவதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்று, அடையாள அட்டையைக் காட்டு. இரண்டு, தனியாகப் பேசு. மூன்று, கதவைச் சாத்து.

மெர்சியின் மாமியாரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "அம்மா, ஒரு பத்து நிமிஷம் வெளிய இருக்கீங்களா?"

ஒரே அறை. தூங்க மேலே ஒரு பரண், அதில் ஏற ஓர் இரும்பு ஏணி. அந்தச் சந்தில் பகலில் கதவு சாத்தினால் உள்ளே அடிதடி, இல்லையென்றால் போலீஸ். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டியலில் இல்லை... அவ்வளவுதான்.

உள்ளே மெர்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லக்கா."

கதவைத் திறந்தேன். வாசலில் எட்டுப் பெண்கள்!

"என்ன லப்டா? என்ன தகராறு?"

"பிள்ளைய கேக்காவளா?"

மாமியார் மட்டும் நிதானமாகச் சொன்னார். "எங்க வீட்டுல என்னைய வெளிய நிறுத்துன மொத ஆளு நீங்கதாம்மா."

அடுத்த வாரம் போனபோது மெர்சி வீட்டில் இல்லை என்றார்கள். அதற்கடுத்த முறையும் இல்லை. போனை எடுக்கவில்லை. தூக்கமில்லாத ஒரு தாய், கைக்குழந்தை, செங்குத்தான ஏணி... எனக்கும் தூக்கம் போயிற்று.

அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "எங்கே பேசினா உனக்கு வசதி?" முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "வியாழக்கிழமை மான்குர்த் அம்மா வீட்டுக்குப் போறேன். பதினோரு மணிக்கு ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் வாங்க, ட்ரெயின்ல லேடீஸ் டப்பால போவோம். கழுத்துல அந்தக் கார்டு வேண்டாம்."

போனேன். எதிர் சீட்டில் ஓர் அம்மாள் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஹேர் கிளிப் விற்றுக்கொண்டு வந்தாள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. மும்பையில் தனிமைக்கு நான்கு சுவர் தேவையில்லை, முகம் தெரியாத நானூறு பேர் போதும்.

குர்லா தாண்டியதும் மெர்சி பேசினாள்.

"பிள்ளைய தூக்கிட்டு ஏணில எறங்கும்போது, கைய விட்டுருவேனோன்னு தோணுதுக்கா. தெனமும். இதச் சொன்னா பிள்ளைய எடுத்துட்டுப் போயிருவீங்கள்ல?"

"விடணும்னு தோணுதா, விட்டுருவோமோன்னு பயமா?"

"பயம்க்கா. பயந்தான்."

"உன்னை ஏதாவது செஞ்சுக்கணும்னு?"

"இல்ல. தூங்கணும். அவ்வளவுதான்."

அதற்குமேல் முடியவில்லை, அழுதாள். பட்டாணி அம்மாள் "இதர் தே" என்று கையை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

பிள்ளையை யாரும் எடுத்துப் போகமாட்டார்கள் என்று சொன்னேன். நிறைய அம்மாக்களுக்கு இந்தப் பயம் வரும், டாக்டரிடம் போனால் சரியாகும், அதுவரை ஏணியில் குழந்தையை வேறு யாராவது தூக்கட்டும் என்றேன். மான்குர்த் வந்தது, போனது. அவள் இறங்கவில்லை. டிக்கெட் மான்குர்த் வரைதான்! சட்டம் மீறாத நான், வாய் திறக்காமல் வாஷி வரை போனேன்.

"அத்தைகிட்ட யாரு சொல்லுவா?"

"நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் போய் முதலில் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரையும் உட்கார வைத்துக்கொண்டு மெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு அவர் பேரனைத் தூக்கிக்கொண்டார்.

"அட கோட்டிக்காரி! ஒம் புருசன் பொறந்தப்ப எனக்கும் இப்பிடித்தாம்ட்டி இருந்துச்சு. சொல்ல ஆள் இல்ல. ஒனக்கு நான் இருக்கம்லா?"

கோட்டிக்காரி என்றால் நெல்லைத் தமிழில் பைத்தியக்காரி. எங்கள் பயிற்சியில் உச்சரிக்கவே கூடாது என்று நான் கொடுக்கும் பட்டியலில் அந்தச் சொல் உண்டு. மெர்சியோ அதைக் கேட்டு, பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

ஆமாம், பயிற்சி! ஒவ்வொரு சமூகத்தின் பழக்கவழக்கம் அறிந்து மனநல உதவி செய்வது எப்படி என்று சமூகப் பணியாளர்களுக்குச் செம்பூரில் வகுப்பு நடத்துகிறோம். பாடம் எடுப்பது யார்? சாட்சாத் நானேதான். சென்ற சனிக்கிழமை வகுப்பில் என் தவறை ஒன்றுவிடாமல் சொன்னேன். இருபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தவறைச் சொல்ல ஆரம்பித்தார்கள்... அன்று மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

மெர்சி டாக்டரைப் பார்க்கிறாள், மருந்தும் எடுக்கிறாள். நேற்று போன் செய்தாள், குற்றம் செய்தவள் குரலில்.

"அக்கா, ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்கிட்டேன். பிள்ள அழுதது கேக்கவே இல்ல. அத்ததான் எடுத்தாவ. நான் நல்ல அம்மா இல்லியோ?"

நல்ல அம்மாக்கள் குறட்டையும் விடுவார்கள், மெர்சி!