அத்தான் உடைத்த பார்லி

என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஜெர்மனியில் கல்யாணம் கட்டாமல் தனியே இருந்தார். வீட்டில் பியர் காய்ச்சுவது அவருக்குப் பிடித்த வேலை. பல வருடங்கள் ஒரு பெரிய பானையை அடுப்பில் வைத்துக் காய்ச்சினார். இரண்டாயிரத்து ஒன்பது பிறந்த கையோடு, சூடாக்குவது, ஊறவைப்பது, கொதிக்கவைப்பது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் செய்கிற மின்சார மெஷின் ஒன்றை வாங்கினார். வாங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"நீ வந்தால்தான் பெட்டி உடைப்பன். முதல் பியர் ரெண்டு பேருமாத்தான்" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரிடம் போனில் சொல்லுவார்.

"அடுத்த மாசம் வாறன் அண்ணை. இப்ப லீவு தருகினமில்லை."

"உன்ரை அடுத்த மாசம் வரேக்கை உன்ரை மகள் தன்ரை காசிலை பியர் வாங்கித் தருவாள்."

மகளுக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். வசந்தத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தகவல் எங்களுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இவர் காரில் போய், கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். டிக்கியைத் திறந்தபோது அத்தானின் உடுப்புகள் இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெட்டிதான் இருந்தது. பக்கத்தில் ஒரு சாக்குப் பையில் பார்லி. முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை மால்ட் என்பார்கள். அதை அத்தான் தன் கைமெஷினில் உடைத்து, பையின் வாயைக் கட்டி, இவர் வருவார் என்று எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

இவர் அழவில்லை. செத்த வீட்டிலும் அழவில்லை என்று அங்கிருந்து பேசியவர்கள் சொன்னார்கள். மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஷிப்டுக்குப் போனார். வந்தால் சாப்பிட்டார், மகளைத் தூக்கினார், பின் பாத்திரம் கழுவினார். நான் ஏதாவது கேட்டால் "ஓம்" என்றார். கேட்பது சரியா, கேட்காமல் விடுவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் மகளுக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தேன். அவராகவே வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"முப்பத்தொண்டுக்கு அண்ணைக்குப் படைக்கவேணும்."

"ஓமப்பா. என்னென்ன எண்டு சொல்லுங்கோ, செய்வம்."

"இறைச்சிக்கறி, கணவாய். பியரும் வைக்கவேணும். கடைப் பியர் வைக்கேலாது. அவர் உடைச்ச பார்லியிலை செய்து வைப்பம்."

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி என்ற சடங்கு முடிந்ததும், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. குடித்தவருக்குக் குடியும் வைப்பது எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. ஆனால் பியர் காய்ச்சி, புளிக்கவைத்து, போத்தலில் அடைத்து எடுக்கக் கிழமைகள் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால்தான் நாளுக்குக் கிடைக்கும். பிழைத்தால் இன்னொரு தரம் செய்ய நாளும் இல்லை, அத்தான் கைபட்ட பார்லியும் இல்லை.

"உங்களுக்குச் செய்யத் தெரியுமோ?"

"அங்கை இருக்கேக்கை நான் போத்தல் கழுவினது மட்டும்தான்."

எனவே விளக்கப் புத்தகம் என் கைக்கு வந்தது. பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம். மகள் பகலில் உறங்கும் நேரமெல்லாம் வாசித்தேன். கொதிக்கிற இனிப்புத் தண்ணீர் குழந்தை மேல் பட்டால் என்ன ஆகும், போத்தல்கள் வெடிக்குமா, புளிக்கும் மணம் தொட்டிலுக்குப் போகுமா என்று மனம் அலைந்தது. துப்புரவு பற்றிய பக்கங்கள்தான் கொஞ்சம் தைரியம் தந்தன. பால்போத்தல்களை மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கிருமி நீக்குவது எனக்குப் பழகிய வேலை. அதே மாத்திரைகளால் பியர் போத்தல்களையும் சுத்தம் செய்து வைத்தேன்.

ஞாயிறு காலை பெட்டியை உடைத்தோம். கல்யாண வீட்டில் தேத்தண்ணி கொதிக்கவைக்கிற உயரப் பாத்திரம்போல இருந்தது மெஷின். அடியில் சூடாக்கும் கம்பியும் ஒரு சின்னப் பம்பும். உள்ளே, மேலும் கீழும் சல்லடை போட்ட ஓர் உருளை. உருளைக்குள் பார்லியைப் போட்டால், பம்ப் சூடான தண்ணீரைத் திரும்பத் திரும்ப அதற்குள்ளால் ஓடவிடும். பார்லியில் உள்ள மா இனிப்பாக மாறித் தண்ணீரில் இறங்கும். பிறகு உருளையைத் தூக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரை ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைக்க வேண்டும். நான் சத்தமாக வாசிக்க அவர் தண்ணீர் ஊற்றினார். சூடு காட்டும் எண்கள் சிவப்பாக எரிந்தன.

"அண்ணை இதைப் பார்த்திருந்தால், இது சமையலோ ராக்கெட்டோ எண்டு கேட்டிருப்பார்" என்றார்.

பெட்டி வந்த நாளிலிருந்து அத்தானைப் பற்றி அவர் சொன்ன முதல் பகிடி. அந்த நேரம் பார்த்து மகள் மேலே அழுதாள். புத்தகத்தோடு ஓடினேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உடைத்த மால்ட்டைப் பையிலிருந்து அப்படியே, கட்டிபடாமல் கொட்டிக் கிளறவும் என்று இருந்தது.

கீழே வரும்போது குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

அவர் சிங்குக்கு முன்னால் நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுக்கு அரிசி கழுவுவது அவர் வேலை. அதே பெரிய சட்டியில், அதே கையால், பார்லியைக் கழுவிக்கொண்டிருந்தார். பிசைந்து, அலசி, விரலால் தடுத்து வடித்தார். வெள்ளை வெளேரென்ற தண்ணீர் சிங்கில் சுழன்று இறங்கியது. மெதுவாக ஏதோ பாட்டைக்கூட முனகினார்.

"அண்ணை வடிவாப் புடைக்கேல்லை. பாரும், எவ்வளவு மா கிடக்கு" என்றார். "மூண்டாம் தண்ணியும் தெளியுதில்லை."

நான் வாசலிலேயே நின்றேன். சொன்னால் அந்த முனகல் நின்றுவிடும். சொல்லாவிட்டால் மிச்சமும் போய்விடும். பையைப் பார்த்தேன், அரைவாசிக்கும் குறைவாக இருந்தது. அவர் அதை எடுக்கக் குனிந்தார்.

"இஞ்சருங்கோ... மிச்சத்தைக் கழுவாமல் போடுவம்."

"ஏன்?"

"புத்தகத்திலை அப்பிடித்தான் போட்டிருக்கு."

"கழுவாமலோ? ஊத்தை எல்லோ?"

"அது ஊத்தை இல்லையப்பா. அந்த மாவாலைதான் பியர்."

அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு சிங்கைப் பார்த்தார். குழாயை மூடினார். சிங்கின் வடிகட்டியில் கொஞ்சம் மா களிபோல ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்துச் சட்டிக்குள் போட்டார். திரும்பவும் வழித்தார். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"பொறும். கேட்டுப் பாப்பம்" என்று சொல்லிக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

சுவரில் இருந்த போனை எடுத்து, எப்போதும் போல ஸ்பீக்கரைப் போட்டார். தமிழ்க்கடையில் வாங்கும் போன் கார்டின் நம்பர், பிறகு சுரண்டிய ரகசிய எண், பிறகு ஜெர்மனி நம்பர். எல்லாம் அவர் விரலுக்குப் பாடம். அவர் யாருக்கு அடிக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அத்தானுக்கு என்று விளங்கியபோது கடைசி இலக்கத்தை அழுத்திவிட்டார். கார்டுக்காரப் பெண் குரல், இந்த நாட்டுடன் நீங்கள் இவ்வளவு நேரம் பேசலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. நிறைய நேரம் இருந்தது.

மணி போகுமுன் போனை வைத்துவிட்டார். அப்படியே நிலத்தில் இருந்தார். மால்ட் ஒட்டிய கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். வளர்ந்த ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "கழுவிப்போட்டன், எல்லாத்தையும் கழுவிப்போட்டன்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் என் தோளில் இருந்து அவரைப் பார்த்து விம்மத் தொடங்கினாள். நான் யாரைப் பிடிப்பது? அவளோடு சேர்ந்து நானும் அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

பிறகு எழும்பினோம். மெஷின் அதுபாட்டுக்குத் தண்ணீரைச் சூடாக்கி முடித்துக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கழுவியதையும் கழுவாததையும் ஒன்றாய்க் கொட்டிக் கிளறினோம். இனிப்பை அளக்கிற கண்ணாடிக் குழாயைப் போட்டபோது அது இருக்கவேண்டிய கோட்டுக்கு மிகக் கீழே நின்றது. கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, மூடியுள்ள வாளியில் படிக்குக் கீழே வைத்தோம். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கிழமைகளை அவர் நிம்மதியாகக் கழித்திருப்பாரோ என்று தினமும் அந்த வாளியைக் கடக்கும்போது நினைப்பேன். இல்லை, அழுதது நல்லதுதான் என்று மறுபடி நினைப்பேன். இன்றைக்கும் எனக்கு முடிவில்லை.

அந்தியேட்டியன்று ஐயர் போனபிறகு முன்னறையில் படைத்தோம். சோறு, இறைச்சிக்கறி, கணவாய், வடை. போத்தலில் அடைத்திருந்த பியரை அத்தானின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளாசில் நான்தான் ஊற்றினேன், விளிம்புமுட்ட. வெளிறிய நிறம். நுரை கொஞ்சம்தான் எழும்பியது.

கதவைச் சாத்திவிட்டுக் கொரிடோரில் நின்றோம். மகள் கதவைத் தட்டப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதைக் குடிச்சால் அண்ணை என்ன சொல்லுவார் தெரியுமோ?" என்று அவர் கதவைப் பார்த்தபடி கேட்டார். "டேய், பியரைக் கேட்டால் கஞ்சித்தண்ணியோ தாறாய் எண்டு கேப்பார்."

"கேட்டுப்போட்டுக் குடிப்பார்" என்றேன்.

கதவைத் திறந்ததும் அவர் நேரே கிளாசிடம் போய்க் குனிந்தார். நுரை முழுதும் அடங்கியிருந்தது. விளிம்புக்கும் பியருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"குறைஞ்சிருக்கோ?" என்றார். என் முகத்தை அவர் அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எதைச் சொன்னாலும் பிறகு சரியோ பிழையோ என்று யோசிக்கிறவள் நான். அன்றைக்கு யோசிக்கவில்லை.

"ஓம். குறைஞ்சிருக்கு."

அவர் தலையாட்டினார். மிச்சத்தை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் ஒரு வாய் குடித்தேன். தண்ணீர்போலத்தான் இருந்தது. விழுங்கினபிறகு கசந்தது.