பின்னால் வந்த வண்டி

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஒக்டோபர் மாதம். இடம் துனீசியாவின் தெற்கே உள்ள பாலைவனம். ஆனால் கதை தொடங்குவது லண்டனில், நோர்பரியில். நான் அப்போது அங்கே கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். நோர்பரி, மிச்சம் என்னும் ஊர்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமைதான் இந்தக் கதைக்குக் காரணம்.

என்னிடம் பழகியவர்களில் மலேசியாவிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். மிச்சம் ஊரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கணவர் இறந்த பிறகு, ஐம்பது வயதுக்கு மேல்தான் காரைத் தொட்டார். மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாம் தடவை பாஸ் பண்ணினார். லைசென்ஸ் கையில் வந்த அடுத்த வருடமே ஒரு விளம்பரத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார், நாங்கள் இரண்டு பேருக்கு ஒன்றாக, நாலு சில்லும் இழுக்கும் ஃபோர்வீல் ஜீப்பை நாங்களே ஓட்டிக்கொண்டு பின்னால் போகவேண்டும், எட்டு நாள் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கவேண்டும். அவருக்கு அப்படி ஓர் ஆசை. அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த, ஓய்வு பெற்ற ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் துணைக்கு வரச் சம்மதித்துவிட்டார். ஆனாலும் பயம்.

"நீங்க முன்னாடி போனா எனக்குத் தைரியமா இருக்கும், மாஸ்டர்," என்றார்.

எனக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. எங்காவது போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சரி என்றோம்.

அங்கே போய் இறங்கியதும் வழிகாட்டி முதல் வேலையாக ஒரு தடியால் மணலில் கோடு கீறி விதியை விளக்கினார். அவர் அந்த ஊர்க்காரர். அதிகம் பேசாத, கறுத்து மெலிந்த மனிதர். முதலில் அவருடைய வண்டி, பின்னால் நாங்கள் நாலு வண்டிகள். சமையல் லொறி வேறு வழியால் முன்னதாகவே முகாமுக்குப் போய்விடும். வயர்லஸ் அவரிடமும் லொறியிலும் மட்டும்தான் இருந்தது. அதனால் ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் நிற்கவேண்டும். பின்னால் வருபவர் நாம் திரும்புவதைக் கண்ட பிறகுதான் நகரவேண்டும். வழி தவறியவர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், வண்டியை விட்டு நடக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. அக்கா அதைச் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் சிரித்தேன். அவர் கேட்டுக்கொண்டபடியே அவருடைய வண்டியை எனக்குப் பின்னால், கடைசியாக விட்டார்கள்.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் அவரை வைத்தே எல்லோரையும் சிரிக்க வைத்தேன். தோர்ன்டன் ஹீத் ரவுண்டபவுட்டில் வெளியேறத் தெரியாமல் அவர் மூன்று சுற்றுச் சுற்றிய கதை. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாம் நாள் என் வண்டி மணலில் அச்சு வரைக்கும் புதைந்தது. டயரில் காற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தார் வழிகாட்டி. நான் எனக்குத் தெரியும் என்று பாதியோடு விட்டுவிட்டேன். அக்காவோ வழிகாட்டி சொன்ன அளவுக்குச் சரியாகக் குறைத்திருந்தார். அதே மேட்டில் அவருடைய வண்டி மெதுவாக ஏறி என்னைத் தாண்டிப் போனது. முன்வண்டியில் வந்த ஆங்கிலேயத் தம்பதி, லண்டனில் பாடம் எடுப்பவர் இவரா அவரா என்று கேட்டுச் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் கேட்டார்கள். எனக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலை காற்றுக் கிளம்பியிருந்தது. அக்கா மெதுவாக வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் நின்று நின்று பின்தங்க, முன்னால் போனவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் எனக்கு மானம் போவது போல இருந்தது. பத்தரை மணியளவில் பாதை பிரியும் இடம் ஒன்று வந்தது. இடிந்த கிணற்றுக் கட்டு ஒன்று அடையாளம். முன்வண்டிகள் வலப்பக்கம் திரும்பி மேட்டுக்கு அப்பால் மறைந்துகொண்டிருந்தன. நான் கண்ணாடியில் பார்த்தேன். புழுதி மட்டும்தான் தெரிந்தது.

"அவவைக் காணேல்லை. நிண்டு பாப்பம்," என்றாள் மனைவி.

"வருவா. எங்கட தடம் கிடக்குதுதானே," என்று சொல்லிவிட்டு நான் வலப்பக்கம் திருப்பினேன். எத்தனையோ பேருக்குக் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று கத்தியவன் நான். அதன் பிறகு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணற்குன்றின் நிழலில் எல்லோரும் நின்றோம். அக்காவின் வண்டி வரவில்லை. வழிகாட்டி நேரே என்னிடம் வந்து இரண்டு கேள்வி கேட்டார். பிரிவில் நின்றீர்களா? அவர் திரும்பியதைக் கண்டீர்களா?

ஆங்கிலேயத் தம்பதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓம், கண்டேன் என்றேன். வலப்பக்கம் திரும்பியதைக் கண்டதாகச் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாய் தானாகவே சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க எனக்கு நேரம் இருந்தது. நான் எடுக்கவில்லை.

எங்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் தனியாகத் திரும்பிப் போனார். நான் சொன்னதை நம்பி, கிணற்றுக் கட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த மணல்மேடுகளை ஒவ்வொன்றாக ஏறித் தேடினார். காற்று எல்லாத் தடத்தையும் அழித்துவிட்டிருந்தது. எங்களுக்கு நிழல் இருந்தது, தண்ணீர் இருந்தது. மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது, கவனம் சிதறி எங்கேயோ இறங்கியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

மனைவி என்னை வண்டிக்கு மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அவர் பிழையான இடத்தில தேடுறார். நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

கொஞ்சம் பொறு, கண்டுபிடித்துவிடுவார் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அப்போதுதான் அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு வழிகாட்டி வெறுங்கையோடு திரும்பினார். உதடு வெடித்திருந்தது. அவர் வண்டியிலிருந்து இறங்கமுன்னரே என் மனைவி போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவர் நிற்கவில்லை, இவர் காணவில்லை என்று இரண்டே வசனத்தில் சொல்லிவிட்டாள். ஆங்கிலம் சரியாக வராது என்று டாக்டரிடம்கூட என்னைப் பேசவிடுகிறவள் அவள். அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள். வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. ஒரு தடவை பார்த்தார். பிறகு தண்ணீர்க் கான்கள் இரண்டை என் கையில் தந்து, தன் வண்டியில் ஏறச் சொன்னார்.

கிணற்றுக் கட்டிலிருந்து இடப்பக்கப் பாதையில் பத்து மைல்கூட இருக்காது. தூரத்திலேயே சிவப்பாக ஏதோ தெரிந்தது. அக்கா தன் சேலை ஒன்றை வண்டியின் கூரையில் விரித்துக் கட்டியிருந்தார். முன்னால் தடம் இல்லை என்று தெரிந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி, கொப்பியில் எழுதியபடியே எல்லாம் செய்திருந்தார். தண்ணீரை அளந்து அளந்து கொடுத்திருந்தார். ஆனால் ஆசிரியை அறுபதைக் கடந்தவர். வெயில் தாங்காமல், குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்து, வண்டியின் நிழலில் கண் சொருகிக் கிடந்தார். அவருடைய தலை அக்காவின் மடியில் இருந்தது.

வழிகாட்டி ஆசிரியைக்குத் தண்ணீர் நனைத்த துணி சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து என்னிடம் வந்தார். முகமெல்லாம் மணல்.

"மன்னிச்சிடுங்க மாஸ்டர். நீங்க அங்க நின்னிருப்பீங்க. நான்தான் கவனிக்காம இடது பக்கம் வந்துட்டேன் போல."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வழிகாட்டி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியிருக்க வேண்டும்.

"நான் நிக்கேல்லை அக்கா," என்றேன். "நிண்டதெண்டு பொய்யும் சொல்லிப்போட்டன். அதாலதான் இவ்வளவு நேரம்."

அவர் முகத்து மணலைப் புறங்கையால் துடைத்தார்.

"இவங்க மயங்கினதிலேர்ந்து என்னையே நான் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார். பிறகு திரும்பிப் போய் ஆசிரியையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஆசிரியையைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். பிழைத்தார். அவர்கள் இருவரும் அங்கிருந்தே லண்டனுக்குத் திரும்பினார்கள். நாங்கள் மிச்ச நாட்களை முடித்தோம். ஆனால் என்னை எந்த வண்டிக்கும் முன்னால் விடவில்லை. கடைசி ஆளாகத்தான் ஓட்டினேன். மனைவி முகாமில் மற்றவர்களோடு பேசினாள். என்னோடு தேவைக்கு மட்டும்.

லண்டன் திரும்பி மூன்று கிழமைக்குப் பிறகு அந்த மருந்துக்கடைக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கிழவருக்கு அக்கா மருந்து சாப்பிடும் முறையை இரண்டு தடவை பொறுமையாக விளக்கினார். என் முறை வந்தது. ஆசிரியையைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவங்க உங்களைப் பார்க்க விரும்பலை, நல்லா இருக்காங்க, அது போதும் என்றார். குரலில் கடுமை இல்லை. உங்களுக்கு என்மேல் கோபம் இல்லையா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"இருக்கு. இல்லைன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா இருக்கே."

அதன் பிறகு அவரை வழியில் இரண்டு மூன்று தடவை கண்டிருக்கிறேன். தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். மனைவியோடு காலப்போக்கில் பேச்சு சரியானது. அந்த நாளைப் பற்றி அவள் ஒருபோதும் குத்திக்காட்டியதில்லை. நானும் அதைப்பற்றி ஒருவருக்கும் சொன்னதில்லை, இதை எழுதும்வரை.

நிற்காமல் போனது ஒரு நிமிடத்து அவசரம் என்று எப்படியோ மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் கண்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பெண்கள் வெயிலில் கிடக்கிறார்கள் என்று தெரிந்தும், என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தேனே, அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்றுவரை என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.