பச்சை வட்டம் போட்ட டிரம்

என் மனைவி என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். மீன்காரர் எடை போட்டு முடித்த பிறகும் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்க்கிற ஆள் நான். பஞ்சாயத்து செக்ரட்டரி வேலைக்கு அது ஒரு தகுதி என்றுதான் அந்த வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தமானில் சௌல்தாரிப் பக்கம் எங்கள் பஞ்சாயத்து. மழை ஓய்கிற சமயத்தில், கப்பல் நிற்கும் ஜெட்டியிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி ஒன்று மேட்டுக் குடியிருப்புக்குக் கீழே உள்ள வளைவில் கவிழ்ந்தது. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து அமர்த்திய லாரி. அரிசி, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் இருந்தன. கூடவே நீல பிளாஸ்டிக் டிரம்களில் ஆசிட். கக்கூஸ் கழுவ பாட்டிலில் விற்கிறார்களே, அதில் தண்ணீர் கலப்பதற்கு முந்தைய சரக்கு. உடைந்த டிரம்களிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி ஓடைப் பக்கம் இறங்கியது. நின்றவர்களுக்கெல்லாம் கண்ணும் தொண்டையும் எரிந்தன.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. மற்றதெல்லாம் பஞ்சாயத்தின் தலையில் விழுந்தது. ஜேசிபி, மணல், ஆசிட்டை முறிக்க லோடு லோடாகச் சுண்ணாம்பு, மேட்டு ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துச் சோறு, ஓடையில் யாரும் இறங்கக் கூடாது என்பதால் குடிக்கத் தண்ணீர். அந்த அவசரத்துக்குக் கையில் இருந்தது ஒரே பணம்தான். கோடையில் மேட்டுக்கு டேங்கர் அனுப்ப ஒதுக்கி வைத்தது. அதை எடுத்துச் செலவழித்தோம். அந்தப் பணம் திரும்பி வராவிட்டால் மாசி, பங்குனியில் மேட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது.

போர்ட் பிளேரில் இருந்த அதிகாரி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஆபத்தான சரக்கு யாருடையதோ அவரிடமே செலவை வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, யாருடையது என்று மட்டும் நீங்கள் காட்டினால் போதும், உத்தரவு போடுகிறேன் என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது.

எங்கள் பக்கம் ஆசிட் இறக்குகிறவர் ஒருவர்தான். பஜாரில் ஹார்டுவேர் கடையும் குடோனும் வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம் போய் நூல் விட்டுப் பார்த்தேன். டீ வரவழைத்தார். மிக்சர் வரவழைத்தார்.

"லாரில நாலு பேரு சரக்கு கெடந்துதுல்லா தம்பி. இன்னாருக்குன்னு நான் எப்படிச் சொல்ல? டிரம்முல லேபிள் இருக்கும்லா, அதப் பாருங்க" என்றார்.

டிரம்முக்கு நான் எங்கே போக? லாரி டிரைவர் அடுத்த கப்பலிலேயே மெயின்லேண்ட் போய்விட்டார். போனாரா, அனுப்பப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எடுத்த போட்டோக்களில் டிரம்கள் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வெள்ளையாக நின்றன. காலி செய்த டிரம்களைச் சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்தோம். ஒரு காலையில் பார்த்தால் இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அண்ணாச்சியின் குடோனில்தான் பதுங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஆணி வாங்குகிற சாக்கில் நாள் தவறாமல் போய் எட்டிப் பார்த்தேன். வீட்டில் ஆணி குவிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் டிரம்கள் மேட்டில் இருந்தன. வீட்டு வாசல்தோறும் ஒன்று, கூரைத் தகரத்தின் ஓரத்தில், பளபளவென்று. இந்தத் தீவில் காலி டிரம்மை யாரும் தூக்கி எறிவதில்லை. குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில் டிரம் இருக்கிற வீடுதான் வீடு. ஆனால் ஆசிட் டிரம்.

முதல் வீட்டில் இருந்த அக்காவை எனக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று நான் பதறினேன். அவர் பதறவில்லை.

"குடிக்க இல்ல சார், துணிக்கும் செடிக்கும்தான். அண்ணாச்சி ஆளு ஜீப்புல கொண்டாந்து காசில்லாம முஃப்த்துல குடுத்தாரு. பேப்பர உரிச்சிட்டு, மண்ணு போட்டு நல்லா சாஃப் பண்ணிக்கோங்கன்னாரு."

அண்ணாச்சியின் மூளையை அப்போது மெச்சத்தான் தோன்றியது. ஒளித்து வைத்தால்தானே தேடிப் பிடிக்கலாம். கொடுத்துவிட்டால், தண்ணீருக்குத் தவிக்கிற கைகள் எந்தத் தடயத்தையும் மிச்சம் வைக்காது.

"இதை அதிகாரிகிட்ட வந்து சொல்லுங்கக்கா."

"நான் வரமாட்டேன் சார். எங்க கடன், உதார் பூரா அவரு கடையில. நாளைக்குத் தகரம் வேணும்னா நீங்களா குடுப்பீங்க?"

இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரும் நாளில், வீட்டு டிரம்மைக் கழுவக் கவிழ்த்தேன். எப்போதோ என் மனைவி அண்ணாச்சி கடையில் காசு கொடுத்து வாங்கிய பழைய டிரம். அடியில் பச்சை பெயிண்ட்டில் ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு. ஒரே கப்பலில் நூறு பேர் சரக்கு வருவதால், ஜெட்டியில் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வியாபாரியும் ஒரு குறி போடச் சொல்வார். லேபிளை உரிக்கச் சொன்ன அண்ணாச்சி அடியை மறந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுபடி மேடு ஏறினேன். அக்காவின் டிரம் கழுத்து வரை நிறைந்திருந்தது. கவிழ்த்துக் காட்டுங்கள் என்றதும் அவர் முகம் மாறியது.

"இத்தன பானிய கீழ ஊத்தச் சொல்றீங்க. ஊத்துனதும் டிரம்ம நீங்க தூக்கிட்டுப் போவீங்க. அப்புறம் டேங்கரும் வராது, டிரம்மும் வராது. உங்க வீட்டு டிரம்ம கொண்டாங்க சார். அதுல மாத்திட்டுக் காட்டுறேன்."

நியாயம்தான். என் மனைவி முறைக்க முறைக்க எங்கள் டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். அக்கா அதை வாங்கிய கையோடு தலைகீழாகத் திருப்பினார். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பச்சை வட்டத்தைப் பார்த்தார். தன் டிரம்மின் தண்ணீரை வாளிவாளியாக அதில் மாற்றினார். தன்னுடையதைக் கவிழ்த்தார். அதிலும் அதே வட்டம், அதே கோடு.

"உங்களுக்கும் அவருதான் குடுத்தாரா சார்?"

"காசு கொடுத்து வாங்கினதுக்கா."

அக்கா, நான் மீன்காரர் தராசைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அந்த அதிகாரி நடத்திய விசாரணைக்கு அக்காவின் டிரம்மை மட்டும் எடுத்துப் போனேன். பச்சை வட்டம் யார் வேண்டுமானாலும் போடலாம், அது என் குறியே இல்லை என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். என் வீட்டு டிரம்மிலும் இதே குறி இருக்கிறது, அது உங்கள் கடையில் வாங்கியதுதானே என்று கேட்டேன். வந்திருந்த ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சிக்கு என் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"வாங்குனதா? ஐயா, அது செக்ரட்டரித் தம்பிக்கு நான் சும்மா குடுத்ததுல்லா. வருஷா வருஷம் ஏதாவது குடுக்கத்தான செய்யுதேன்."

நான் கோபத்தில் எழுந்துவிட்டேன். அதிகாரி மட்டும் பேனாவை மூடினார்.

"அப்படியானால் அந்தக் குறி போட்ட டிரம் உங்கள் கடையிலிருந்துதான் போகிறது. சரிதானே?"

உத்தரவு அன்றே ஆனது. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பணத்தையும் கட்டினார். கோடை பிறப்பதற்குள் டேங்கர் தயார்.

ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது அந்த உத்தரவை அல்ல. செக்ரட்டரிக்கு வருஷா வருஷம் ஏதோ போகிறது என்பதைத்தான். பழைய டிரம்முக்கு யார் ரசீது கேட்டு வாங்குவார்கள்? பங்கு பிரிப்பதில் இருவருக்கும் தகராறு, அதனால்தான் இவ்வளவும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் போனால் பேச்சு நின்றது. காலம் பூராவும் மற்றவர்களுக்கு நான் செய்ததுதான், தெரியும். இருந்தாலும் வலித்தது.

முதல் டேங்கரோடு நானும் மேட்டுக்குப் போனேன். என் டிரம் அக்கா வாசலில் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. டேங்கர் குழாயைத் திறந்ததும் முதல் சொம்பை அவர்தான் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்க சார்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சொம்பு காலியாகும் வரை குடித்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் குழாயடியில் குடத்தை வைத்தார்.