திண்டிவனத்துக்கு மேலே ஒரு பாலி பயணம்

ஜெர்மனியின் எர்லாங்கனுக்கு வந்த எட்டு வருடங்களில் ஆறு நீண்ட விடுமுறை எடுத்தோம். ஆறும் ஊருக்கே போயின. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், குலதெய்வம் கோயில் என்று ஓடி, போனதைவிடக் களைத்துத் திரும்புவோம். ஒரு தடவையாவது யார் வீட்டுக்கும் போகவேண்டாத விடுமுறை வேண்டும், பிள்ளைகள் கடலில் கிடக்க வேண்டும், நான் ஒரு புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்று இந்த ஈஸ்டருக்கு பாலி போக முடிவெடுத்தோம்.

மகள் இலக்கியா ஒன்றாம் வகுப்பு. இங்கே பள்ளி தொடங்கிவிட்டால் விடுமுறை தவிர வேறு நாளில் அழைத்துக்கொண்டு பறக்க முடியாது. அதனால் நவம்பரிலேயே பதிவு செய்தோம். மியூனிக், துபாய், பாலி; நால்வருக்கும் 3,480 யூரோ. மூன்று வயது மகன் கவினின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஏழு வாரம் பிடித்தது. நீங்கள் போவதானால் முதலில் அதைப் பாருங்கள்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மா போனபின் அவர் திண்டிவனத்தில் தனியாக இருக்கிறார். இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இங்கிருக்கும் நம்மவர்கள் பலர் சொல்லும் பொய்தான். தீவுக்குப் போய், மாமனார் நம்பரை மட்டும் மறைத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு வீடியோ அழைப்பில், நீச்சல் கண்ணாடியும் மிதவைச் சட்டையுமாக இலக்கியா வந்து நின்றாள். தாத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்பா திட்டவில்லை, திட்டியிருக்கலாம். பாலி எங்கே இருக்கிறது, எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். துபாயில் மாறி, இந்தியாவைத் தாண்டி என்று சொன்னேன்.

"நம்ம ஊரு மேலயா போவும்?"

விமானம் போகும் பாதையைக் காட்டும் செயலியில் தேடினேன். புதுச்சேரிக்குக் கொஞ்சம் வடக்கே போகிறது.

"ஆமாம்ப்பா. பகல் ஒன்னே கால் இருக்கும்."

எழுந்துபோய்த் தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியைத் தேடிக் குறித்துக்கொண்டார். நான் அன்றே டிக்கெட்டை மாற்றப் பார்த்தேன். மாற்ற முடியாத டிக்கெட். ரத்து செய்தால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அடுத்த வருஷம் கண்டிப்பாக ஊருக்குப் போகலாம் என்றார் கணவர் கார்த்தி.

எர்லாங்கனிலிருந்து மியூனிக் விமான நிலையத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரம். துபாய்க்கு ஆறு. அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, காலை எட்டரைக்கு அடுத்த விமானம். முன்னிருக்கைத் திரையின் வரைபடத்தில் சென்னை வந்ததும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். கீழே மேகமும் பழுப்பு நிலமும்தான். இலக்கியா கையசைத்தாள். நானும் அசைத்தேன். பத்தே நிமிடத்தில் கடல் வந்துவிட்டது.

பாலியில் இறங்கி போனைப் போட்டதும் அப்பாவின் குரல் பதிவு இருந்தது. "பன்னண்டரைக்கே மொட்டமாடி ஏறிட்டேன்மா. ரெண்டு ப்ளேன் போச்சு. எது உங்களுதுன்னு தெரியல. ரெண்டுத்துக்கும் கை காட்டிட்டேன்." வரிசையில் நின்றபடியே அழுதேன். கார்த்தி விசாவுக்குப் பணம் கட்டினார். குழந்தைகளுக்கும் சேர்த்து ஆளுக்கு முப்பது யூரோ போல ஆகும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாலியின் சானூர் கடற்கரையில் தங்குங்கள். அலை தூரத்திலேயே அடங்கிவிடும், காலையில் முழங்கால் ஆழம்தான். இரவுக்கு 62 யூரோ அறை, ஒன்பது இரவுகள். கவின் முதல்முறை கடலைக் குடித்துவிட்டுச் சிரித்தான். நான் கொண்டுபோன புத்தகத்தில் இருபது பக்கம் படித்தேன். எதிரே தென்னை, காலடியில் சூடான மணல், நாக்கில் எரியும் மிளகாய். இதெல்லாம் இருக்கும் ஒரு ஊரை மேலே பறந்து தாண்டி வந்துவிட்டேனே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. கடலைப் பார்த்த நேரத்தைவிட அப்பாவுக்குப் படம் எடுத்த நேரம்தான் அதிகம்.

இதே பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு: சென்னையில் நின்று போகும்படி டிக்கெட் போடுங்கள். பிறகு விசாரித்தேன், நால்வருக்கும் 290 யூரோதான் கூடுதல். இரண்டு வாரத்தில் நான்கு நாள் ஊருக்குத் தாராளமாகக் கிடைக்கும். லீவு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாலியிலிருந்து கிளம்பும் நாளன்று அப்பா திரும்பும் நேரத்தைக் கேட்டார். ராத்திரி நேரம், ஒன்றும் தெரியாது, தூங்குங்கள் என்றேன்.

"ராத்திரின்னா நல்லதுதாம்மா," என்றார். "லைட்டு தெரியும்."